புஸ்கஷியும் பார்ப்பவரின் பங்கும்

ஒரு செயலைச் செய்தவருக்கும் அதைச் செய்யத் தூண்டியவருக்கும் அதன் நன்மை தீமைகளில் பங்கு உண்டு என்பதில் சமயங்களுக்கிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்து நின்றவருக்கு என்ன பங்கு என்று கேட்கும்போதுதான் விடைகள் பிரிகின்றன. பார்ப்பது ஒரு செயலே அன்று என்றவர்கள் உண்டு, பார்ப்பதே செயல்களில் உயர்ந்தது என்றவர்கள் உண்டு, பார்த்த கண்ணுக்கும் கணக்கு உண்டு என்றவர்களும் உண்டு. இவ்வினாவை நூல்களுக்குள் மட்டும் வைத்து ஆராய்வதைக் காட்டிலும், பார்ப்பவர் இல்லாவிட்டால் பொருளே இழந்துவிடும் ஒரு விளையாட்டின் முன் நிறுத்தி ஆராய்வது தெளிவைத் தரும் என்பதால், மத்திய ஆசியாவின் குதிரை விளையாட்டான புஸ்கஷி இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

புஸ்கஷி என்னும் பாரசீகச் சொல்லுக்கு ஆட்டை இழுத்தல் என்று பொருள். தலையும் குளம்பும் நீக்கி, குடலை எடுத்துவிட்ட ஆடு அல்லது கன்றின் உடலைக் குதிரைமேல் இருந்தபடியே குனிந்து தரையிலிருந்து தூக்கி, சூழ்ந்து நெருக்கும் மற்றவர்களிடமிருந்து விடுவித்துக்கொண்டு ஓடுவதே ஆட்டத்தின் சாரம். ஆப்கானிஸ்தானின் வடக்கே பல்க், குண்டூஸ், சமங்கான், ஃபாரியாப் முதலிய மாகாணங்களில் வாழும் உஸ்பெக், துருக்மென், தாஜிக் மக்களுக்கு இது குளிர்கால விளையாட்டு. இதன் உறவு ஆட்டங்கள் கிர்கிஸ்தானில் கோக் போரு என்றும், கசாக்ஸ்தானில் கோக்பார் என்றும், உஸ்பெகிஸ்தானில் குப்காரி என்றும் வழங்குகின்றன. பெயரில் ஆடு இருந்தாலும், எளிதில் கிழியாது என்பதற்காக ஆப்கானியர் பெரும்பாலும் கன்றின் உடலையே பயன்படுத்துவர். முதல் நாளே அதைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து இறுகச் செய்வதும் உண்டு.

தேர்ந்த ஆட்டக்காரர் சாப்பந்தாஸ் எனப்படுவார். பஞ்சு வைத்துத் தைத்த தடித்த அங்கியும் முழங்கால் வரை உயர்ந்த காலணியும் அவருடைய உடை. தலையில் மென்மயிர் விளிம்பிட்ட தொப்பி இருக்கும், அல்லது சோவியத் டாங்கிப் படையினர் அணிந்த பழைய தலைக்கவசம் இருக்கும். இரு கைகளும் கன்றைப் பற்ற வேண்டிய நேரத்தில் அவர் சாட்டையைப் பற்களில் கடித்துக்கொண்டு, உடலைக் குதிரையின் பக்கவாட்டில் முழுவதுமாகத் தொங்கவிட்டு, குளம்புகளுக்கு நடுவே கையை நீட்டுகிறார். நீரில் ஊறிக் கனத்த உடலை வெட்டிய காலின் முனையைப் பிடித்து மேலே இழுத்ததும், அக்காலைத் தன் தொடைக்கும் சேணத்துக்கும் இடையில் இறுக்கிக்கொள்கிறார். அதுவரை அசையாமல் நெரிசலைத் தாங்கி நிற்கவும், அடுத்த கணமே பாயவும் குதிரை பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்குப் பல ஆண்டுகள் ஆவதால், குதிரை கானுக்கு, அதாவது நிலமும் செல்வாக்கும் உடைய ஊர்ப் பெரியவருக்கு உரியதாகவும், உயிரைப் பணயம் வைக்கும் ஆட்டக்காரர் அவருடைய ஆளாகவும் இருப்பதே வழக்கம்.

இந்த விளையாட்டுக்கு இரண்டு வடிவங்கள் உள்ளன. கராஜாய் என்னும் வடிவத்தில் உடலைத் தூக்கிய ஆட்டக்காரர் தொலைவில் நட்ட கொடியைச் சுற்றிவந்து, ஹலால் வட்டம் என்று வழங்கும் குறிப்பிட்ட வட்டத்துக்குள் அதைப் போட வேண்டும்; இது அளந்து கணக்கிடக்கூடியது, அணிகளுக்கும் நடுவர்களுக்கும் ஏற்றது. பழைய வடிவமான தூதாபராயில் கொடியும் இல்லை, வட்டமும் இல்லை. கூட்டத்திலிருந்து விடுபட்டு, எத்திசையிலாவது தடையின்றித் தனியாக வெளியேறிவிட்டால் வெற்றி. அப்படி உண்மையிலேயே விடுபட்டாரா, அல்லது இன்னொருவரின் கை அப்போதும் கன்றின் மேல் இருந்ததா என்பதைத் தீர்மானிக்க எந்தக் கோடும் கிடையாது; அங்கே கூடியிருப்பவர்கள் கண்டதே தீர்ப்பு, அவர்கள் கண்டது வேறுபட்டால் சண்டை. ஆடுகளத்துக்கு எல்லையும் இல்லாததால், நூற்றுக்கணக்கான குதிரைகள் ஒரு திசையில் திடீரெனப் பெருகி வரும்போது, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓட வேண்டியிருக்கிறது. அரங்கத்தின் படிகளில் பாதுகாப்பாக அமர்ந்து காணும் விளையாட்டுகளோடு இதை ஒரே வரிசையில் வைக்க முடியாது என்பதை நினைவில் கொண்டுதான் பார்ப்பவரைப் பற்றிய தத்துவங்களை அணுக வேண்டும்.

அத்தத்துவங்களில் பார்ப்பவருக்கு மிக உயர்ந்த இடம் தந்தது பித்தாகரஸின் பெயரால் வழங்கும் ஒரு கருத்தாகும். கிரேக்கரின் பெருவிழாவுக்குச் சிலர் போட்டியிட்டுப் புகழ் பெற வருகின்றனர், சிலர் வாங்கி விற்று ஊதியம் பெற வருகின்றனர், சிலரோ நடப்பதைக் காண மட்டுமே வருகின்றனர், இம்மூன்றாமவரே மெய்யறிவாளருக்கு ஒப்பானவர் என்று அவர் கூறியதாக ரோமானிய அறிஞர் சிசரோ எழுதிவைத்தார். இந்திய மரபில் சாங்கியம் இதையே இன்னும் ஆழமாகக் கொண்டு செல்கிறது: இயங்குவதெல்லாம் பிரகிருதி, அதாவது மூலப்பொருள்; புருஷன், அதாவது உயிரறிவு, எதையும் செய்யாத சாட்சி. சாங்கிய காரிகை பிரகிருதியை அவையின் முன் ஆடிவிட்டு விலகும் நாட்டியக்காரிக்கு ஒப்பிடுகிறது. ஒரே மரத்தில் அமர்ந்த இரு பறவைகளில் ஒன்று கனியை உண்ண, மற்றது உண்ணாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது என்னும் முண்டக உபநிடதத்தின் உருவகமும் இந்தச் சாட்சி நிலையையே சொல்கிறது. இவற்றை நம்பி ஒருவர் வட ஆப்கானிஸ்தானின் மசார்-இ-ஷரீஃப் நகருக்கு அருகிலுள்ள புஸ்கஷி வெளியில் நின்று, தான் வெறும் சாட்சி, எதிலும் தனக்குப் பங்கில்லை என்று சொல்லிக்கொள்ள முடியுமா என்பதே கேள்வி.

முடியாது என்பதற்கு முதற்காரணம், சாங்கியம் சாட்சி என்று சொல்வது விழாவுக்குப் போன மனிதரை அன்று என்பதாகும். ஆரவாரத்தில் துள்ளும் மனமும், விரும்பியவர் தூக்கும்போது விரியும் கண்ணும், குதிரை தன்மேல் பாயப் போகிறது என்று ஓடும் காலும் அத்தத்துவத்தின்படி பிரகிருதியின் பக்கத்தைச் சேர்ந்தவையே. ஆடுபவரையும் பார்ப்பவரையும் ஒருசேரக் கண்டுகொண்டிருப்பதே புருஷன். ஆகவே ஒருவர் காட்சிக்கு வெளியே நிற்கிறார் என்பதற்கு அவர் குதிரைமேல் ஏறவில்லை என்பது சான்றாகாது. பித்தாகரஸின் மூன்றாமவரும் நடைமுறையில் அரிதானவர். கிறித்தவச் சிந்தனையாளர் அகஸ்டின் தம் ஒப்புதல் நூலின் ஆறாம் பகுதியில் தம் நண்பர் அலிப்பியுஸைப் பற்றி எழுதியது இதற்குச் சாட்சியமாக நிற்கிறது. ரோமில் வாள்வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டி வீழ்த்தும் காட்சிக்கு நண்பர்களால் இழுத்துச் செல்லப்பட்ட அலிப்பியுஸ், உடல் அங்கே இருந்தாலும் மனம் இராது என்று உறுதிகூறிக் கண்களை மூடிக்கொண்டு அமர்ந்தார். ஒருவர் விழுந்தபோது கூட்டம் எழுப்பிய பேரொலி அவர் காதில் நுழைய, என்னவென்று அறியக் கண்ணைத் திறந்தவர், அந்தக் குருதியின் மயக்கத்தில் வீழ்ந்து, பின்னர் தாமே பிறரை அழைத்துச் செல்பவரானார். கண்ணை மூடியவரைக் காது காட்டிக்கொடுத்தது என்பதே அந்நிகழ்ச்சியின் கூர்மை.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. அதற்குச் சமணர் வகுத்த பகுப்பே மிகச் சிறந்த கருவி. வினை உயிரோடு சேரும் வழிகளை எண்ணும்போது உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று மூன்றாகப் பிரித்து, இவை ஒவ்வொன்றும் மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும் நிகழக்கூடும் என்கிறது. உடன்படுதல் என்பதற்கு வடமொழியில் அனுமதம் என்றும் அனுமோதனை என்றும் பெயர். பிறர் செய்யும் செயலை நன்றென்று மனத்தால் ஏற்பதும் அதற்குள் அடங்கும். இங்கே கவனிக்க வேண்டியது, காணுதல் இம்மூன்றில் இடம்பெறவில்லை என்பதாகும். கண்ணில் பட்டதற்காக எவரும் குற்றவாளி ஆவதில்லை. கண்டதற்கு உள்ளம் தந்த விடைக்காகவே ஆகிறார். வேறொரு நிலத்தில், வேறொரு கடவுட்கொள்கையின் கீழ் எழுந்த ஒரு நபிமொழியும் இதே தளத்துக்கு வந்து சேர்வது வியப்புக்குரியது. தீமையைக் காண்பவர் கையால் அதை மாற்ற வேண்டும், இயலாவிட்டால் நாவால், அதுவும் இயலாவிட்டால் உள்ளத்தால் வெறுக்க வேண்டும், இக்கடைசி நிலையே ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின் மிக மெலிந்த படி என்னும் கருத்துடைய அந்நபிமொழி சஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் உள்ளது. சமணம் உள்ளத்தின் உடன்பாட்டை வினையாகக் கணக்கிடுகிறது, இஸ்லாம் உள்ளத்தின் மறுப்பைக் கடமையாகக் கேட்கிறது. பார்ப்பவரின் உள்ளம் எப்பக்கமும் சாராத வெற்றிடமாக இருக்கலாம் என்பதை இரண்டுமே ஏற்பதாகத் தெரியவில்லை.

பார்ப்பவர் உடன்படுகிறார் என்றால் எதற்கு உடன்படுகிறார்? வெளியிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் ஆட்டின் சாவையே சுட்டுவர். அறவுணர்வு முதலில் சென்று தைப்பது தலையற்ற அந்த உடலில்தான். பௌத்தத்தின் அளவுகோலைக் கொண்டு இதை நோக்கலாம், அது இந்த நிலத்துக்கு அந்நியமான அளவுகோலும் அன்று. இன்று புஸ்கஷி ஆடப்படும் பல்க், இஸ்லாம் வருவதற்கு முன்பு நவவிகாரம் என்னும் பெரும் பௌத்தப் பள்ளியால் புகழ்பெற்றிருந்தது, ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் அங்கே தங்கிச் சென்றார். பாலி நூல்களில் ஜீவக சூத்திரம் துறவிக்கு மூன்று வகையில் தூய்மையான இறைச்சியை அனுமதிக்கிறது: தனக்காகக் கொல்லப்பட்டதைக் கண்டிருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, அவ்வாறு ஐயுறவும் கூடாது. பிரமஜால சூத்திரம் யானை, குதிரை, எருமை, ஆடு, சேவல் முதலியவற்றின் சண்டைகளைக் காணச் செல்வதைத் துறவிக்கு ஒவ்வாத கேளிக்கைகளுள் எண்ணுகிறது. இவ்விரு விதிகளையும் சேர்த்து நோக்கினால் புஸ்கஷி ஒரு விந்தையான இடைவெளியில் விழுவது தெரியும்: விலங்கு மோதவிடப்படவில்லை, கொலை காட்சியாக நடத்தப்படவில்லை, களத்துக்கு வருவது முன்பே அறுக்கப்பட்ட உடல், ஆயினும் அது இந்தக் கூட்டத்துக்காகவே அறுக்கப்பட்டது என்பதை அறியாதவர் எவரும் அங்கே இல்லை. உண்பவர் இல்லாவிட்டால் விற்பதற்காகக் கொல்பவரும் இரார் என்று திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் வைக்கும் வாதமும், பௌத்தரின் இறைச்சி விதியை எதிர்த்துத் தமிழ்ச் சமண நூலான நீலகேசி தொடுக்கும் வாதமும் இந்த இடைவெளியைத்தான் மூடுகின்றன.

இவ்வாதத்தை ஏற்பவருக்கு விடை எளிது. ஆனால் அதை ஏற்பவர் கிர்கிஸ் ஊரில் விளையாட்டைக் கண்டு மட்டும் முகம் சுளிக்க உரிமையற்றவர். அதே ஊரில் விருந்துக்கு அறுக்கப்படும் ஒவ்வோர் ஆட்டுக்கும் அவர் அதே முகத்தைக் காட்ட வேண்டும். இறைச்சி உண்பவருக்கோ இந்த ஆட்டில் தனியாக எந்தக் குற்றமும் இல்லை; கிர்கிஸ் மக்களிடம் ஆட்டத்தில் பயன்பட்ட இறைச்சி பின்னர் சமைத்து உண்ணப்படுகிறது, அது வீணாவதில்லை. இஸ்லாமியச் சட்ட நோக்கில் உயிருள்ளவற்றை இலக்காக வைத்து எய்வதும், உயிரோடிருக்கும் விலங்கைச் சிதைப்பதும், விலங்குகளை ஒன்றோடொன்று மோதவிடுவதும் கண்டிக்கப்பட்டுள்ளன. ஒட்டகம், குதிரை, அம்பு ஆகிய மூன்றின் போட்டிகளுக்குப் பரிசு வழங்க இடம் தரப்பட்டுள்ளது. பந்தயம் கட்டுதல் விலக்கப்பட்டது. முறைப்படி அறுக்கப்பட்ட கன்றை வைத்து ஆடும் ஆட்டத்தை இவற்றுள் ஒன்றின் கீழ் நேராகத் தடுத்துவிட முடியாது, வாதிட்டுத்தான் தடுக்க வேண்டும். ஆகவே ஆட்டின்மேல் வைக்கப்படும் குற்ற உணர்வு பெரும்பாலும் தவறான இடத்தில் வைக்கப்படுவதாகவே கொள்ள வேண்டியிருக்கிறது.

பார்ப்பவரின் உடன்பாடு உண்மையில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் காட்டியவர் அமெரிக்க மானுடவியலாளர் விட்னி அசாய். 1982 இல் வெளியான புஸ்கஷி பற்றிய தம் நூலில், இவ்விளையாட்டு ஆப்கானிஸ்தானில் அதிகாரம் இயங்கும் முறையையே வெளிப்படுத்துகிறது என்று அவர் நிறுவினார். கான் ஒருவர் தம் வீட்டுத் திருமணத்தையோ மகனின் சுன்னத்தையோ ஒட்டி தோய் என்னும் பெருவிழா நடத்தி, சுற்றுப்புறக் கான்களை அவர்களுடைய குதிரைகளோடும் ஆட்களோடும் அழைத்து, பல நாட்கள் உணவும் உறைவிடமும் தந்து, வென்றவர்களுக்குப் பரிசும் வழங்குகிறார். ஆட்டம் ஒழுங்காக முடிந்தால் அவருடைய நாம், அதாவது பேர், உயர்கிறது. தகராறு மூண்டு விருந்தினர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டால், இத்தனை பேரைக் கட்டுக்குள் வைத்திருக்க இவரால் முடியவில்லை என்ற செய்தி கூட்டத்தோடு ஊர் ஊராகச் செல்கிறது. கன்று பெற்றுத் தருவது ஒரு நாள் பரிசு, கூட்டம் பெற்றுத் தருவது அரசியல் மூலதனம். பிறர் கண்களில் மட்டுமே நிலைக்கும் பொருள் பேர் என்பதால், அங்கே நின்று பார்த்த ஒவ்வொருவரும், தாம் எதையும் கொடுக்கவில்லை என்று எண்ணிக்கொண்டே, அழைத்தவர் வேண்டியதைக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்புகின்றனர்.

அரசுகளும் இதை அறிந்திருந்தன. 1950களில் ஜாஹிர் ஷா மன்னரின் பிறந்தநாளை ஒட்டித் தலைநகர் காபூலில் புஸ்கஷி நடத்தப்பட்டபோது, வட மாகாணக் கான்களின் விளையாட்டு அரசின் விளையாட்டாயிற்று. எல்லையும் நடுவரும் கொண்ட கராஜாய் வடிவம் முன்னுக்கு வந்தது, மன்னர் முதற்பார்வையாளராக அமர்ந்தார். 1996 முதல் 2001 வரை ஆண்ட தாலிபான் புஸ்கஷியைத் தடைசெய்தது. அதே ஆண்டுகளில் காபூலின் காஸி விளையாட்டரங்கத்தில் மக்கள் கூட்டப்பட்டு, அவர்கள் முன்னிலையில் மரண தண்டனைகள் நிறைவேற்றப்பட்டன. இறந்த கன்றைச் சுற்றிக் குதிரைகள் ஓடுவதை மக்கள் காணலாகாது, உயிருள்ள மனிதர் கொல்லப்படுவதைக் காணலாம் என்னும் ஏற்பாட்டுக்குப் பின்னால், காட்சி எது என்பதைவிடக் காண்பவரின் கண் எந்த அதிகாரத்துக்குச் சான்று பகர்கிறது என்பதே முதன்மை பெற்றிருக்கிறது. 2021 இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த அதே இயக்கம் புஸ்கஷியை இம்முறை தடுக்கவில்லை என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம். யாரைப் பார்க்கவைப்பது என்பதில் இருக்கும் அதிகாரம் யாரைப் பார்க்கவிடாமல் வைப்பது என்பதிலும் இருக்கிறது. ஆப்கானிஸ்தானின் புஸ்கஷி வெளிகளில் கூடுவோர் ஏறக்குறைய அனைவரும் ஆண்களே.

பேர் கானுக்குப் போகிறது என்றால் அதன் விலை குதிரையிடமும் சாப்பந்தாஸிடமும் வாங்கப்படுகிறது. விரல் முறிவதும், விலா எலும்பு நொறுங்குவதும், நெரிசலில் விழுந்து மிதிபடுவதும் இந்த ஆட்டத்தில் அரிய நிகழ்வுகள் அல்ல. சாட்டை குதிரைமேல் மட்டுமன்றி எதிராளியின் கையிலும் முகத்திலும் விழுவதுண்டு. சாப்பந்தாஸ் தாமாக விரும்பித்தான் களமிறங்குகிறார், பரிசும் புகழும் அவருக்கும் உண்டு, அவருடைய துணிவை வியப்பதில் பிழையில்லை என்று வாதிடலாம். அவ்வாதத்தில் நியாயம் இருக்கிறது. கூட்டத்தின் ஆரவாரம் இல்லாவிட்டால் அவர் அந்த அளவுக்குத் துணிந்திருப்பாரா என்று எதிர்க்கேள்வி கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. குதிரையின் நிலை இவ்விரு நியாயங்களுக்கும் வெளியே உள்ளது. அது வியக்கப்படுகிறது, பேணப்படுகிறது, பல குடும்பங்களின் உணவைவிடச் செறிந்த தீவனம் பெறுகிறது. ஆனால் தொடங்குவதா வேண்டாமா என்று அதனிடம் எவரும் கேட்பதில்லை. அனுமோதனை என்னும் சொல்லை இந்தக் களத்தில் சரியாகப் பொருத்த வேண்டுமானால், இறந்த ஆட்டை விட்டு உயிரோடு மூச்சிரைக்கும் இந்த விலங்கின் பக்கமே அதைத் திருப்ப வேண்டும்.

கிர்கிஸ்தானில் 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் இஸ்ஸிக்-குல் ஏரிக்கரையில் நடந்த உலக நாடோடி விளையாட்டுகள் வழியாகக் கோக் போரு வெளிநாட்டாருக்கும் பரவலாக அறிமுகமாயிற்று. அங்கே ஒவ்வோர் அணியிலும் நால்வர் களத்தில் இருக்க, 20 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடக்கும்; தாய்கசான் என்னும் உயர்ந்த வட்ட மேடைக்குள் உடலை எறிந்தால் ஒரு புள்ளி. இங்கே தீர்ப்பு பார்ப்பவரின் கண்ணை நம்பியில்லை, எவரும் ஓட வேண்டியதுமில்லை. தூதாபராயின் கூட்டம் விளையாட்டின் உறுப்பாக இருந்தது போலன்றி, படிகளில் அமர்ந்த கூட்டம் அதன் நுகர்வோராக மாறியிருக்கிறது. அபாயம் குறையக் குறையப் பங்கும் குறைந்துவிட்டது என்று இவர்கள் எண்ணக்கூடும். உண்மையில் குறைந்தது அபாயம் மட்டுமே. ஊர்க்காரர் பார்க்கும்போது தம் உடலையும் ஓரளவு பணயம் வைத்தார், நுழைவுச்சீட்டு வாங்கியவர் அதையும் வைக்காமல் முழுக் காட்சியையும் பெறுகிறார்.

யுனெஸ்கோ 2017 இல் கோக் போருவை மானுடத்தின் தொட்டறிய இயலாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தபோது, இக்கால ஆட்டங்களில் ஆட்டின் உடலுக்குப் பதில் வார்ப்பு உரு பயன்படுவதையும் தன் விளக்கத்தில் குறிப்பிட்டது. இந்த மாற்றத்தைப் பலர் அறத்தின் வெற்றியாகக் கொண்டாடுகின்றனர், அதில் ஓரளவு உண்மையும் உண்டு. வார்ப்பு உரு பயன்படும் ஆட்டங்களில் காட்சிக்காக ஓர் உயிர் அறுக்கப்படுவது நின்றிருக்கிறது, உமாஸ்வாதியின் கணக்கில் அது சிறிய விலக்கு அன்று. ஆயினும் எளிதில் தீர்க்கக்கூடிய வினாவே இதனால் தீர்ந்திருக்கிறது. செயற்கை ஆட்டைச் சுற்றி ஓடும் குதிரைகளும், அவற்றின் மேலிருந்து விழும் மனிதர்களும் முன்பிருந்தவர்களே. அவர்களுடைய உழைப்பின்மேல் தங்கள் பேரை எழுதிக்கொள்ளும் புரவலர்களும் அரசுகளும் முன்பிருந்தவையே. படிகளில் அமர்ந்திருப்பவரின் பங்கில் ஒன்றும் குறைக்கப்படவில்லை.